புள்ளிக்கோடு

திணைக்களத்து வரைபடத்தில் இது ஒரு புள்ளிக்கோடு.
முழுக்கோடு என்றால் ஆறு.
புள்ளிக்கோடு என்றால்
இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் குற்றமில்லை.

புரட்டாதியில் வந்து பாருங்கள்:
தரவையில் எருமை மிதித்த குளம்படிகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு சிரட்டைத் தண்ணீர்.
அவ்வளவுதான் தொடக்கம்.
அங்கிருந்து வாவி வரைக்கும் சரிவு உண்டென்று
நில அளவையாளர் சொல்கிறார்.
மைலுக்கு ஒரு சாண்.
கண்ணுக்குப் பிடிபடாத அந்தச் சாண்
தண்ணீருக்கு மட்டும் மனப்பாடம்.

மேலே, பட்டிக்காரருக்கு இது கிடங்கு.
நாவற்கண்டத்து வயற்காரருக்கு வடிச்சல்.
றோட்டுக்குக் கீழே நுழையும் இடத்தில் கல்வெட்டு;
வெள்ளைக்காரன் சொல் எங்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது.
அதில் எழுத்து ஒன்றுமில்லை,
ஈரச் சீமெந்தில் நடந்த நாயின் கால்தடம் மட்டும்.
கண்ணா மரங்களுக்குள் புகுந்த பிறகு
வலைக்காரர் தோணா என்பார்கள்.

மார்கழி எட்டாம் நாள் இரவு
இருநூற்றுப் பதினொரு மில்லிமீற்றர்.
விடிந்தபோது
புள்ளிகளெல்லாம் சேர்ந்திருந்தன.

நான் அபிவிருத்தி உத்தியோகத்தர்.
என்னிடம் ஒரு குடை, ஒரு பேனை,
பிளாஸ்ரிக் பையில் சுற்றிய வெள்ளப் படிவம் நாற்பது.
ஆதம்பாவாவின் உழவு இயந்திரத்து மட்காட்டில் குந்தி
கல்வெட்டு வரைக்கும் போனேன்.
அதற்கப்பால்
மின்கம்பங்கள்தான் வரிசையாய் நின்று
றோட்டு போன வழியைச் சொல்லிக்கொண்டிருந்தன.

குடலைப் பயிர் முழுவதும் அடியில்.
பனையான்கள் வரம்பு வரம்பாய்த் தாண்டின,
யாருடைய உறுதியையும் கேட்காமல்.
ஆற்றுவாழை ஊதாப் பூவோடு கூட்டமாய் வந்தது
கலியாண வீட்டுக்கு வருகிற மாதிரி.
வந்து, மேற்கே போனது.

மேற்கே.

ஆதம்பாவா பீடியை எறிந்து பார்த்தார்.
பீடியும் தரவைப் பக்கம்தான் போனது.
"ஆறு நிரம்பிட்டு புள்ள.
ஆத்து வாய் இன்னும் வெட்டல்ல.
வந்த தண்ணி வந்த வழியால திரும்புது."

முப்பது கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு மணல் திட்டு.
அதில் முதல் மண்வெட்டி விழ
ஒரு கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கு ஒரு கடிதம்,
கடிதத்துக்கு ஒரு கையொப்பம்.
வெட்டினால் இறால் போய்விடும் என்கிறது ஒரு சங்கம்.
வெட்டாவிட்டால் நெல் போய்விடும் என்கிறது மற்றது.
இரண்டும் உண்மை.
அதுதான் கூட்டம் நீள்கிறது.

குலேந்திரராணி இடுப்பளவுத் தண்ணீரில் வந்து
தன் இரண்டரை ஏக்கரைக் கையால் காட்டினாள்.
காட்டிய இடத்தில் வானம் கிடந்தது.
"எழுதுங்க. நான் நிக்கிற இடத்துல இருந்து
அந்த நீர்க்காகம் குந்தியிருக்கிற கட்டை வரைக்கும்."
எழுதி நிமிர்ந்தேன்.
நீர்க்காகமும் இல்லை, கட்டையும் இல்லை.
அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

பதினோராம் நாள் பின்னேரம் வெட்டினார்கள்.
தொலைபேசி அடிக்க முன்னமே தண்ணீர் சொல்லிவிட்டது:
கல்வெட்டின் வாயில் ஒரு சுழி,
பிறகு எதுவும் அசையாத ஒரு நிமிடம்,
பிறகு ஆற்றுவாழை திரும்பி வந்தது
குடையை மறந்துவிட்டுப் போனவர்கள் போல.

சுவரில் என் நெஞ்சளவில் ஒரு சேற்றுக்கோடு நின்றது.
பேனையால் அதன் பக்கத்தில் தேதி போட்டேன்.
ஈரத்தில் மை பிடிக்கவில்லை.

படிவம் ஏழு, மூன்றாம் நிரல், நீரோட்டத்தின் பெயர்:
எல்லாவற்றையும் எழுதினேன், கட்டத்துக்கு வெளியே போனது.
நான்காம் நிரல், பாயும் திசை:
கிழக்கு. மூன்று நாள் மேற்கு.

மாசியில் திரும்பி வந்தது, சிவப்பு மையில்:
ஒன்றை மட்டும் தெரிவு செய்க.

அன்றைக்கும் தரவையில் எருமைகள்
கால் மாற்றிக் கால் வைத்து
ஈர மண்ணில்
சிறு சிறு புள்ளிகள் போட்டுக்கொண்டிருந்தன.